சட்டைப்பைக் கருவியை நம்பி ஸ்பேனரை விடலாமா?

கேள்வி: பைக்கில் தினமும் 40 கிலோமீட்டர் போய்வருகிறேன். குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் மடங்கி இருக்கும் சிறிய கருவி ஒன்று வாங்கினால், சீட்டுக்கு அடியில் இருக்கும் டூல்கிட்டை எடுத்துவிடலாமா? வீட்டு சுவிட்ச் வேலைக்கும் அது ஆகுமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். டூல்கிட்டின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.

டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கருக்கும் 1975இல் இதே சிக்கல்தான். பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது அவரிடம் கத்தி இருந்தது, குறடு இல்லை. பிறகு அவர் உருவாக்கி 1983இல் விற்பனைக்கு வந்த கருவியில் முழு அளவுக் குறடே இருந்தது. நீங்கள் கேட்பது அதன் குட்டி. குட்டியில் முதலில் அடிபடுவது வலுதான்.

ஸ்பேனர் நட்டின் பக்கங்களை அளவாகப் பற்றிக்கொள்ளும். சுண்டுவிரல் நீளக் குறடு கவ்வியும் கவ்வாமலும் நிற்கும். அழுத்தித் திருகினால் வழுக்கும். நானே ஒருமுறை பைக் கண்ணாடியின் நட்டை அப்படித் திருகி, மூலைகளை மழுக்கிவிட்டேன். அப்புறம் சரியான ஸ்பேனரும் அதில் நிற்கவில்லை. மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. திருப்புளியிலும் இதே கதைதான்: முனை ஓரத்தில் இருப்பதால், குழிக்குள் இருக்கும் ஸ்குரூவை எட்டாது.

சுவிட்ச் வேலைக்கு வேண்டவே வேண்டாம். கைப்பிடி வெறும் இரும்பு. 230 வோல்ட்டுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே ஒன்றுமில்லை. உறை போட்ட கட்டிங் பிளேயர் எடுங்கள், மெயினை அணைத்துவிட்டு டெஸ்டர் வைத்தும் பாருங்கள்.

அப்படியானால் எதற்குத்தான் உதவும்? பார்சல் டேப், மூக்குக்கண்ணாடியின் ஆடும் ஸ்குரூ, காலில் ஏறிய முள், சட்டையில் தொங்கும் நூல். இவற்றுக்கு விக்டோரிநாக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் 58 மில்லிமீட்டர் நீள மடக்குக் கத்தி போதும். எடை 20 கிராமை ஒட்டித்தான், சாவிக்கொத்தில் இருப்பதே தெரியாது. ஒன்று கவனம்: இந்த அளவுக் கத்திகள் பெரும்பாலும் பூட்டிக்கொள்வதில்லை. நுனியால் குத்தித் துளைபோட முயன்றால் மடங்கி விரலில் விழும்.

விமானத்தில் போகும்போது அதைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

கடையில் வாங்கும்போது ஒவ்வொரு மடிப்பையும் நீங்களே நகத்தால் திறந்து பாருங்கள். அங்கேயே நகம் வலித்தால் அடுத்த மாடலைக் கேளுங்கள்.