வாயைக் கட்டினாலும் எடை ஏன் திரும்பி வருகிறது? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: அரிசியும் பருப்பும் சாதத்தை ஒரு கரண்டியாகக் குறைத்து, இரவில் பழம் மட்டும் உண்டு, ஆறு மாதத்தில் 11 கிலோ இளைத்தேன். அடுத்த பொங்கலுக்குள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. எனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். குறை என்னிடம்தானா?
(ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்)

பதில்: ஆறு மாதம் கட்டுப்பாடாக இருந்த ஒருவரைப் பார்த்து அப்படிச் சொல்வது நியாயமே இல்லை. எவ்வளவு உண்பது என்பதை இலையின் முன் அமர்ந்து நாமே முடிவு செய்வதாக நினைக்கிறோம். ஆனால் அந்த முடிவின் பெரும்பகுதி, மூளையின் அடிப்பகுதியில் ஒரு பாதாம் பருப்பின் அளவே உள்ள ஹைப்போதலாமஸில், நாம் அறியாமலே எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் நரம்பணுக்களும் 'போதும்' என்று நிறுத்தும் நரம்பணுக்களும் அங்கே அருகருகே இருக்கின்றன. இரத்தத்தில் வந்து சேரும் ஹார்மோன்களைப் பொறுத்து ஒரு தரப்பின் கை ஓங்கும், மறுதரப்பு அடங்கும்.

அந்த ஹார்மோன்களில் தலையாயது லெப்டின். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் கோல்மன் என்பவர், பிறவியிலேயே ஓயாமல் தின்று பருத்துப்போகும் இரண்டு வகை எலிகளை வைத்து ஆராய்ந்தார். ஒவ்வொரு வகையையும் ஒரு சாதாரண எலியோடு இரத்தம் கலக்கும்படி இணைத்துத் தைத்தபோது, முதல் வகை எலி தீனியைக் குறைத்து இளைத்தது. இரண்டாம் வகையோடு இணைத்தபோதோ, சாதாரண எலிதான் உண்ணாமல் பட்டினி கிடந்து இறந்தது. முதல் வகையின் உடலில் பசியை அடக்கும் ஏதோ ஒரு பொருள் சுரப்பதில்லை என்றும், இரண்டாம் வகையில் அது பெருகிக் கிடந்தும் மூளைக்கு அதை உணரும் வழியில்லை என்றும் அவர் ஊகித்தார். 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்கான மரபணுவைக் கண்டறிந்தபோது, அந்தப் பொருள் கொழுப்பணுக்களிலேயே சுரக்கிறது என்பது தெரியவந்தது. வெறும் சேமிப்பு என்று கருதப்பட்ட கொழுப்பு, தன் கையிருப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு ஓயாமல் தெரிவித்துக்கொண்டிருக்கிறது.

லெப்டினை ஊசியாகப் போட்டால் எல்லோரும் இளைத்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு அப்போது எழுந்தது, அது நடக்கவில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சிலருக்கு அந்த ஊசி பெரும் பலன் தந்தது உண்மை. மற்றப் பருமனானவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாகவே இருந்தது. மூளைதான் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

இப்போது உங்கள் நிலைக்கு வருகிறேன். நீங்கள் இளைத்தபோது கொழுப்பு குறைந்தது, லெப்டினும் குறைந்தது. மூளைக்கு அது பஞ்சம் வந்துவிட்டதற்கான அறிகுறி. உடனே இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் பசி ஹார்மோன் கூடுகிறது. அதே தூரம் நடந்தாலும் உடல் முன்பைவிடக் குறைந்த கலோரியையே செலவிடுகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தைத் தாண்டி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அத்தகைய காலங்களில் உயிரைக் காத்த ஏற்பாடு, அரிசிக்குப் பஞ்சமில்லாத இந்த நாளிலும் ஓய்வெடுக்க மறுக்கிறது. மெல்போர்னில் 50 பேர் 10 வாரம் மிகக் குறைந்த உணவில் இருந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது.

ஆகவே ஆறு மாத விரதத்தை மீண்டும் தொடங்காதீர்கள். ஐந்தாண்டு கழித்தும் தொடரக்கூடிய உணவு முறை எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். இளைத்த எடையைத் தக்கவைப்பதில் நடைப்பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. எடையில் 5 சதவீதம் குறைந்து அங்கேயே நின்றாலும் இரத்தச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நன்மைதான்.

கேள்வி: நான் பருமனாக இருப்பதற்குத் தைராய்டுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: தைராய்டு குறைந்தால் சில கிலோ எடை கூடும், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும்தான். 20, 30 கிலோ கூடியிருந்தால் அந்தப் பழியைத் தைராய்டின் மீது மட்டும் போட முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே போதும், ஐயம் தீர்ந்துவிடும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். நடு இரவு 2 மணிக்கு இனிப்பான டீயும் பஃப்ஸும் இல்லாமல் இருக்க முடிவதில்லை. விடுமுறையில் இரவு நன்றாகத் தூங்கும் நாட்களில் இந்த ஆசையே வருவதில்லையே, ஏன்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்கவைத்து நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. 10 மணி நேரம் படுக்க விட்ட நாட்களோடு ஒப்பிட்டபோது, அவர்களுக்கு லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பு, உப்புப் பண்டங்களின் மீது அவர்களுக்கு ஆசை மிகுந்ததும் அப்போதுதான். சிறிய ஆய்வுதான் என்றாலும், இரவு ஷிப்டுக்காரர்கள் என்னிடம் சொல்வது இதற்கு மாறாக இல்லை. போதாக்குறைக்கு, நள்ளிரவில் உண்ணும் மாவுப் பொருளை இன்சுலின் பகலைப் போலத் திறமையாகக் கையாள்வதில்லை.

நம் ஊர் பேக்கரியில் பஃப்ஸ் வைத்துத் தரும் காகிதத் துண்டு, டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் எண்ணெயில் ஊறி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மைதாவும் கொழுப்பும் சேர்ந்த அந்தப் பண்டத்துக்குப் பதில், வேகவைத்த நிலக்கடலையோ பச்சைப்பயறுச் சுண்டலோ வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். முழுச் சாப்பாட்டை ஷிப்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பகல் தூக்கத்துக்கு இருட்டான அறையும் அணைத்து வைத்த செல்போனும் வேண்டும். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: கல்யாணப் பந்தியில் வயிறு முட்ட உண்ட பிறகும், ஒப்புட்டு வந்தால் இடம் கிடைத்துவிடுகிறதே, அது எப்படி?
(வாசகி, ஈரோடு)

பதில்: பசி ஒன்று, விருப்பம் வேறொன்று. சோறு, குழம்பின் சுவை மூளைக்குச் சலித்துப்போனாலும், புதிதாக வரும் இனிப்பு சலிப்பதில்லை. டோபமின் என்னும் மூளை இரசாயனத்தின் வழியாக இயங்கும் விருப்ப மண்டலம் வயிறு நிறைந்த செய்தியை அந்த நேரத்தில் பெரிதாக மதிப்பதில்லை. 'போதும்' என்று அறிவிக்கும் ஜிஎல்பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் மேலெழவும் சிறிது நேரம் பிடிக்கும். பந்தியில் அடுத்தவர் எழுவதற்குள் முடிக்கும் வேகத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை. கல்யாணத்தன்று இரண்டு ஒப்புட்டு உண்பதால் யாரும் பருமனாவதில்லை. நாள்தோறும் வீட்டுக்குள் வரும் பாக்கெட் தின்பண்டங்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

கேள்வி: வாரம் ஒரு முறை ஊசி போட்டால் எடை குறையும் என்று கோவையில் இருக்கும் என் மகன் சொல்கிறான். மருந்துக்கடையில் நானே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கூடாது. செமாகுளூடைடும் டிர்செபடைடும் எடைக் குறைப்பு ஊசிகளாக 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. முன்பே குறிப்பிட்ட ஜிஎல்பி-1 நம் உடலில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். இவை அதே பணியை ஒரு வாரம் வரை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. இவ்வகை மருந்துகளில் முதலாவது, 2005-இல் சர்க்கரை நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு வழிகாட்டியது ஒரு பாலைவன நச்சுப் பல்லியின் உமிழ்நீர் என்றால் வியப்பாகத்தான் இருக்கும்.

இவை உண்மையிலேயே பசியைத் தணிக்கின்றன. பல்லாண்டு உணவுக் கட்டுப்பாட்டில் களைத்துப்போனவர்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்க நான் தயங்குவதில்லை. ஆனால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செமாகுளூடைடை நிறுத்தியவர்களை ஓராண்டு கவனித்த ஆய்வில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. எனவே எத்தனை ஆண்டு போடுவது, அதற்கான செலவைக் குடும்பம் தாங்குமா என்பதையெல்லாம் மகனையும் உடன் அழைத்துச் சென்று மருத்துவரிடம் பேசிவிட்டு, அதன் பிறகு முதல் ஊசியைப் பற்றி முடிவு செய்யுங்கள்.