படர்தாமரைக்கு அமாக்சிசிலின் ஏன் கேட்பதில்லை?

அன்புள்ள ஐயா,

பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். புரோகேரியோட் (பாக்டீரியா போல உட்கரு இல்லாத செல்), யூகேரியோட் (உட்கரு உள்ள செல்) வேறுபாட்டை அட்டவணை போட்டு நடத்தியதும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்பாவுக்குப் படர்தாமரை. கடையில் அமாக்சிசிலின் வாங்கி ஐந்து நாள் சாப்பிட்டும் போகவில்லை. பூஞ்சையும் கிருமிதானே சார்?" இதை அட்டவணையோடு எப்படிச் சேர்ப்பது?

க.

அன்புள்ள க.,

கிருமி என்பது பொதுப்பெயர். செல்லின் அமைப்பில் பூஞ்சை நமக்குத்தான் நெருங்கிய உறவு, அதுவும் யூகேரியோட்.

அட்டவணையின் முதல் வரியில் உட்கரு இருக்கும். இந்தக் கேள்விக்கு அந்த வரி உதவாது. செல்சுவருக்குப் போங்கள். பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கான்: சர்க்கரைச் சரங்களைச் சிறு பெப்டைடுகள் குறுக்கே கட்டிய வலை. அந்தக் கட்டைப் போடும் நொதியில்தான் அமாக்சிசிலின் போய் ஒட்டிக்கொள்கிறது. வளரும் பாக்டீரியா சுவரை அறுத்து அறுத்துக் கட்ட வேண்டும். அறுப்பது தொடரும், கட்டுவது நின்றுவிடும். வெளிநீர் உள்ளே ஏறி செல் வெடிக்கும். பூஞ்சையின் சுவரோ கைட்டினும் குளுக்கானும். மருந்து பிடிக்க வேண்டிய நொதியே அங்கே இல்லை, ஐம்பது நாள் விழுங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. (சுவரே இல்லாத பாக்டீரியா மைக்கோபிளாஸ்மா. அதுவும் இந்த மருந்துக்குத் தப்பிவிடும். 'செல்சுவர் உண்டு' என்ற வரிக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.)

வேறு பாக்டீரியா மருந்துகளும் பூஞ்சையிடம் தோற்கும். அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தாக்குபவை. பாக்டீரியாவில் அது 70எஸ், துண்டுகள் 30, 50. பூஞ்சைக்கும் நமக்கும் 80எஸ், துண்டுகள் 40, 60. முப்பதும் ஐம்பதும் எண்பதுதானே என்று வகுப்பில் கட்டாயம் ஒருவர் கேட்பார். எஸ் என்பது மையவிலக்கியில் படியும் வேகத்தின் அளவு. எடையோடு வடிவத்தையும் பொறுத்தது, கூட்டிப் பார்க்கக் கூடாது. நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் மட்டும் பாக்டீரியா வழி வந்தது. காசநோய்க்கு, ரைபோசோமையே தாக்கும் லினெசோலிட் மருந்தை மாதக்கணக்கில் கொடுக்கும்போது ரத்த அணுக்கள் குறைவதும் நரம்பு பாதிக்கப்படுவதும் அதனால்தான்.

பூஞ்சையைக் கொல்ல, அதற்கும் நமக்கும் உள்ள சின்ன இடைவெளியைப் பிடிக்க வேண்டும். நம் செல்படலத்தில் கொலஸ்ட்ரால், அதன் படலத்தில் எர்கோஸ்டீரால். டெர்பினாஃபினும் இட்ராகொனசோலும் எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுக்கின்றன. ஆம்போடெரிசின் பி எர்கோஸ்டீராலையே பிடிக்கும், ஆனால் கொலஸ்ட்ராலிலும் கொஞ்சம் கை வைத்துவிடும், சிறுநீரகம் அடிபடுகிறது.

அந்த அப்பா அடுத்து ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிப்பும் சிவப்பும் இரண்டே நாளில் அடங்கும். தோலின் எதிர்ப்பும் சேர்ந்து அடங்குவதால் பூஞ்சை இன்னும் பரவும். தோல் மருத்துவர் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். தோலின் கெரட்டின் கரைந்துவிடும், கைட்டின் சுவர் கரையாது. இழை இழையாகப் பூஞ்சை தெரியும்.