எல்லா முகவரியிலும் உணரி தெரிகிறதா? ட்ரைவர் பொய் சொல்கிறது

கேள்வி: உப்புவெளியில் வீட்டில் வளிமண்டல அமுக்கத்தைப் பதிவு செய்ய பிஎம்பி280 உணரி ஒன்றை உபுண்டு போட்ட பழைய மடிக்கணினியோடு இணைக்கப் பார்க்கிறேன். இடையில் இருப்பது கறுப்புநிற சிஎச்341ஏ புரோகிராமர் போர்ட். அதற்கு ஐ2சி (சிப்கள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் முறை) அடாப்டர் ட்ரைவரை நானே எழுதினேன். கம்பைல் ஆகிறது, லோடும் ஆகிறது. ஆனால் எந்த முகவரியில் உணரி இருக்கிறது என்று தேடும் ஐ2சி-டிடெக்ட் ஓட்டினால் ஒரு முகவரி விடாமல் எல்லாவற்றிலும் உணரி இருப்பதாகக் காட்டுகிறது. போர்டைக் கழற்றினால் சில நேரம் அதன்பின் செருகும் மவுஸ்கூட வேலை செய்வதில்லை. எங்கே பிழை? (வாசகர், திருகோணமலை)

பதில்: இரண்டும் வேறு வேறு பிழைகள். அவற்றுக்கு முன் கையில் மல்டிமீற்றரை எடுங்கள்.

இந்தக் கறுப்பு போர்டின் பழைய வடிவங்களில் ஒரு பெயர்போன குறை உண்டு. உணரிக்குப் போகும் மின்வழங்கல் 3.3 வோல்ட்தான், ஆனால் சிப் 5 வோல்ட்டில் ஓடுவதால் தரவுக் கம்பிகள் 5 வோல்ட்டுக்கு ஏறும். பிஎம்பி280இன் சிக்னல் கால்கள் தன் மின்வழங்கலுக்கு மேல் 0.3 வோல்ட் வரைதான் தாங்கும். எதையும் இணைக்காமல் எஸ்டிஏ (தரவு), எஸ்சிஎல் (கடிகாரம்) கம்பிகள் இரண்டையும் கிரவுண்டோடு அளந்து பாருங்கள். 5க்குக் கிட்ட வந்தால், பிஎஸ்எஸ்138 போட்ட லெவல் ஷிஃப்டர் (மின்னழுத்த மாற்றி) ஒன்றை இடையில் வையுங்கள். போர்டின் ஜம்பர் 1-2இல் இருக்க வேண்டும். செருகிய யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை 1ஏ86:5512 என்று காட்டினால் சரி. வேறு எண் வந்தால் போர்ட் சீரியல் நிலையில் இருக்கிறது. உங்கள் ட்ரைவரின் ப்ரோப் (கருவி செருகப்பட்டதும் ஓடும் ஃபங்ஷன்) அழைக்கப்படவே மாட்டாது.

இனி முதல் பிழை. அடாப்டர் ட்ரைவருக்கு அமுக்கம் என்றால் என்னவென்றே தெரியத் தேவையில்லை. மேலிருந்து வரும் மெசேஜ்களைப் பஸ்ஸில் (அந்த இரண்டு கம்பிகளில்) போட்டு, நடந்ததை நடந்தபடி திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. அந்த வேலை நடக்கும் இடம் மாஸ்டர்_எக்ஸ்ஃபர் ஃபங்ஷன் (லினக்ஸின் மையமான கர்னலின் புதிய பதிப்புகளில் வெறும் எக்ஸ்ஃபர்). எல்லா மெசேஜும் போய்ச் சேர்ந்தால் மெசேஜ்களின் எண்ணிக்கையைத் திருப்ப வேண்டும். பலர் பழக்கதோஷத்தில் 0 திருப்புவார்கள். அது தவறு. முகவரிக்கு யாரும் ஏற்பு (கிடைத்தது என்ற பதில் சிக்னல்) தராவிட்டால் மைனஸ் ஈஎன்எக்ஸ்ஐஓ. யூஎஸ்பி பதில் நேரம் கடந்தால் மைனஸ் ஈடைம்டவுட். பதிலின் நீளம் குறைந்தால் மைனஸ் ஈஐஓ. ஐ2சி-டிடெக்ட் வழமையாக ஹெக்ஸ் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 08 முதல் 77 வரை 112 முகவரிகளைத் தட்டிப் பார்க்கும். யூஎஸ்பி பாக்கெட் போய்ச் சேர்ந்ததையே வெற்றி என்று நீங்கள் சொல்லிவிட்டால் 112 கட்டமும் நிரம்பும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சிஎச்341ஏயில் இந்தப் பிழை செய்வது சுலபம். அதன் ஐ2சி கட்டளைத் தொடர் ஹெக்ஸ் ஏஏ என்று தொடங்கும். 74 என்றால் ஸ்டார்ட், 75 ஸ்டாப், 00 முடிவு. எழுத 80, வாசிக்க சி0. இவற்றின் கீழ் பிட்களில் நீளம் வரும். நீளம் போட்டு எழுதினால் பைட்கள் போகும், ஆனால் ஏற்பு வந்ததா என்று சிப் சொல்லாது. நீளம் 0 என்று வெறும் 80 கொடுத்தால் ஒரே ஒரு பைட் போகும், அதற்கு ஒரு நிலை பைட் திரும்பி வரும். அதன் உச்ச பிட் 1 என்றால் ஏற்பு இல்லை. ஆகவே முகவரி பைட்டை எப்போதும் வெறும் 80ஆல்தான் அனுப்ப வேண்டும்.

வாசிப்பிலும் இதே மாதிரி ஒரு நுணுக்கம் உண்டு. நீளம் போட்ட சி0 ஒவ்வொரு பைட்டுக்கும் ஏற்பு கொடுத்துக்கொண்டே போகும். வெறும் சி0 ஒரு பைட் வாசித்து ஏற்பு தராமல் நிறுத்தும். கடைசிப் பைட்டை வெறும் சி0ஆல் வாசிக்காவிட்டால் உணரி அடுத்த பைட்டைத் தர எஸ்டிஏயைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அப்போது ஸ்டாப் விழாது. ஒரே ஒரு பைட் கேட்டால் நீளம் போட்ட சி0ஐ அறவே விட்டுவிடுங்கள். 1 கழித்து 0 ஆன நீளத்தை அதில் வைத்தால் இரண்டு பைட் வாசித்துவிடும்.

ஓர் உதாரணம். பிஎம்பி280இன் முகவரி ஹெக்ஸ் 76. (சில மொட்யூல்களில் 77. எஸ்டிஓ கால் கிரவுண்டுக்குப் போனால் 76.) கர்னல் தரும் முகவரி 7 பிட், இடப்பக்கம் ஒரு பிட் நகர்த்துவது உங்கள் பொறுப்பு, ஆக எழுத ஈசி, வாசிக்க ஈடி. ஹெக்ஸ் 88இலிருந்து 24 பைட் கலிபரேஷன் வாசிக்க இந்த 13 பைட் போக வேண்டும்:

ஏஏ 74 80 ஈசி 80 88 74 80 ஈடி டி7 சி0 75 00

டி7 என்பது சி0உடன் 23. மீதி ஒரு பைட் அடுத்த சி0இல். திரும்பி வருவது 27 பைட்: முதல் மூன்றும் நிலை பைட்கள், அதன்பிறகே தரவு. மூன்றையும் பார்த்த பிறகுதான் மீதியைத் தொட வேண்டும். உணரியே இல்லாத பஸ்ஸிலும் வாசிப்பு நடக்கும். எல்லாம் எஃப்எஃப் என்று வரும், பார்வைக்குத் தரவு போலவே இருக்கும்.

இந்தச் சிப்பின் பாக்கெட் 32 பைட். நீண்ட மெசேஜ்களை வெட்டி ஒட்டும் நிரல் எழுதுவதைவிட, எல்லையைக் கர்னலிடம் சொல்லிவிடுவது புத்தி. அடாப்டரின் குவர்க்ஸ் (வரம்புகளைக் குறிக்கும்) அமைப்பில் தனி எழுத்துக்கு 13 பைட், வாசிப்புக்கு 28, எழுதி-வாசிக்கும் இணைப்பில் முதல் மெசேஜுக்கு 2 என்று குறியுங்கள். அதை மீறும் கோரிக்கையை ஐ2சி கோர் உங்களிடம் வரவிடாமலே மறுத்துவிடும். பிஎம்பி280க்கு இது தாராளம்.

பஃபர் விஷயத்தில் கவனம் தேவை. மெசேஜோடு வரும் பஃபரையோ, ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரேயையோ நேரே யூஎஸ்பி_பல்க்_எம்எஸ்ஜிக்குக் கொடுக்காதீர்கள். அவை டிஎம்ஏக்கு (வன்பொருள் நினைவகத்தை நேரே தொடும் முறைக்கு) ஏற்றவை என்ற உத்தரவாதம் இல்லை. ஸ்டாக் நினைவகம் என்றால் கர்னல் எச்சரித்து மறுக்கும். ப்ரோப்பில் கேமாலொக் மூலம் 32 பைட்டில் இரண்டு தனித்தனிப் பஃபர் எடுத்து, தரவை அதற்குள்ளும் வெளியிலும் நகலெடுங்கள். டைம்அவுட்டை 1000 மில்லிசெக்கன் என்று கொடுங்கள். 0 என்றால் முடிவில்லாமல் காத்திருக்கும். தனி மியூடெக்ஸ் (பூட்டு) வேண்டாம், ஒரு அடாப்டரில் ஒரு நேரத்தில் ஒரு பரிமாற்றம்தான் என்பதை ஐ2சி கோரே பார்த்துக்கொள்ளும்.

ப்ரோப்பில் ஐ2சி_ஆட்_அடாப்டர் கடைசி வரியாக வரட்டும். அதை அழைத்த கணத்திலேயே யாராவது பரிமாற்றம் கேட்கலாம். வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸ் ஆக்கும் ஏஏ 61 00 அதற்கு முன்பே போய்விட வேண்டும்.

இரண்டாவது பிழைக்கு வருவோம். போர்டைக் கழற்றியதும் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் ஐ2சி_டெல்_அடாப்டரை அழைக்கும். அந்த அடாப்டரின் டிவைஸ் ஃபைலை ஏதாவது புரோகிராம் திறந்து வைத்திருந்தால், இன்று பெரும்பாலான கணினிகளில் உள்ள கர்னல்களில் அது மூடப்படும்வரை அழைப்பு திரும்பாது. யூஎஸ்பி ஹப்பைக் கவனிக்கும் வேலை அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதே ஹப்பில் புதிதாகச் செருகும் மவுஸைப் பார்க்க ஆள் இல்லை. அமுக்கத்தைப் பதிவு செய்யும் உங்கள் பைதான் ஸ்கிரிப்ட் பின்னணியில் அந்த ஃபைலைத் திறந்தபடி ஓடுகிறதா என்று பாருங்கள். இதைத் தவிர்க்க நினைத்து பஃபர்களை முதலில் விடுவித்துவிட்டு அடாப்டரை நீக்குவது இன்னும் மோசம்: நடுவில் இருக்கும் பரிமாற்றம் விடுவித்த நினைவகத்தில் எழுதும். அடாப்டரை நீக்கிய பிறகே விடுவியுங்கள்.

சரியான வழி டிவைஸ் ஃபைலை விட்டுவிடுவதுதான். கர்னலில் பிஎம்பி280க்கு ஏற்கனவே ட்ரைவர் இருக்கிறது. உங்கள் அடாப்டர் ஐ2சி-3 ஆக வந்திருந்தால், சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் கருவிகளைக் காட்டும் அடைவில்) அதன் நியூ_டிவைஸ் ஃபைலுக்குள் உணரியின் பெயரையும் முகவரியையும் எழுதினால் போதும். பிறகு ஐஐஓ (உணரிகளுக்கான கர்னல் பகுதி) அடைவில் இன்_பிரஷர்_இன்புட் என்ற ஃபைலை வாசிக்கலாம். அலகு கிலோபாஸ்கல். கர்னல் ட்ரைவர் எழுதும் சிரமத்துக்கு உரிய கூலியே இதுதான். வெறுமனே ஒரு எண் வாசித்தால் போதும் என்றால் கர்னலுக்கு வெளியிலிருந்தே யூஎஸ்பியைக் கையாளும் லிப்யூஎஸ்பியோடு பைதானில் முடித்திருக்கலாம்.

மொட்யூல் லைசன்ஸ் வரியில் ஜிபிஎல் என்று இருக்கட்டும், இல்லாவிட்டால் யூஎஸ்பி ஃபங்ஷன்களைப் பயன்படுத்த விடாது. செக்யூர் பூட் போட்ட கணினியில் கையெழுத்திடாத மொட்யூல் ஏறாது. கர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் திரும்பக் கம்பைல் செய்ய விருப்பமில்லையென்றால் டிகேஎம்எஸ்ஸில் பதிந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகியும் இடையிடையே ஈஎன்எக்ஸ்ஐஓ வந்தால் நிரலைச் சந்தேகிக்காதீர்கள், வயரைப் பாருங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் ஏற 1000 நானோசெக்கன்தான் அவகாசம். 4.7 கிலோஓம் புல்-அப்போடு (கம்பியை மேலே இழுக்கும் மின்தடையோடு) சுமார் 250 பிக்கோஃபரட் வரைதான் அது தாங்கும். சில மீற்றர் வயரே அந்த அளவைத் தின்றுவிடும். 2.2 கிலோஓமுக்கு மாற்றுங்கள், வயரை ஒரு மீற்றருக்குள் அடக்குங்கள். உப்புக் காற்றில் ஜம்பர் வயரின் முனைகள் பச்சை பிடிக்கும்; கடற்கரையில் ஈயம் வைத்து ஒட்டிய இணைப்புத்தான் நிற்கும்.

உப்புவெளியில் 101க்குக் கிட்ட ஓர் எண் வர வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பதிந்து பாருங்கள்: காலை, இரவு 10 மணியளவில் ஏறி, அதிகாலை, மாலை 4 மணியளவில் 0.2, 0.3 கிலோபாஸ்கல் அளவு இறங்கும். வெப்பவலயத்தில் அமுக்கத்தின் தினசரி ஏற்ற இறக்கம் அது. அந்த இரட்டை அலை உங்கள் வரைபடத்தில் தெரிந்தால் உணரி சரியாக வேலை செய்கிறது. 2020 டிசம்பர் 2இல் புரெவி சூறாவளி திருகோணமலைக்கு அருகே கரை கடந்ததைப் போன்ற நாட்களில், மாலை 4 மணிக்குப் பிறகும் எண் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகும்.