மகள் முதியோர் நலத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம், விடலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

நர்சிங் பட்டம் பெற்ற மகள் ஜெர்மனி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதியோர் உடல்நலத்தில் ஆராய்ச்சி செய்வேன் என்கிறாள், "வயசானவங்களைப் பார்த்துக்கவா கடன் வாங்கிப் படிக்க வெச்சோம்?" என்று உங்கள் வீட்டுக்காரர் கோபப்படுகிறார். முதலில் அவருக்கு இந்த வேலை என்னவென்று சொல்லிவிடுவோம்.

முதியவர் ஒருவர் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்று அளக்க, லாட்டன், பிராடி என்ற இருவர் 1969-இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மாத்திரையைத் தவறாமல் எடுப்பது, பணக்கணக்கு என்று எட்டு விஷயங்கள். ஆண்களுக்கு மட்டும் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்கு மதிப்பெண் போடுவது அப்போதைய வழக்கம். எட்டையும் அப்படியே காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைக்கு எடுத்துப் போங்கள். ஆயுளில் அடுப்பைத் தொடாத அப்பாருக்குச் சமையலில் பூஜ்யம் விழும். அவரோ காலையில் எழுந்து மாட்டுக்குத் தீனி போட்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பால் பணக் கணக்கை ரூபாய் பிசகாமல் சொல்வார். ஆத்தாவுக்குப் பணக்கணக்கில் பூஜ்யம். அது மறதி நோயின் தொடக்கமா, அல்லது அவர் கையில் யாரும் பணமே கொடுத்ததில்லையா? இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் கேள்விகளை உருவாக்கி, நம் ஊர்களில் சோதித்து, நம்பலாம் என்று நிறுவுவது ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும். டாக்டர் சிகிச்சையைத் தீர்மானிப்பதும் அரசு திட்டம் தீட்டுவதும் இப்படி வரும் எண்களை வைத்துத்தான்.

தேவை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், இந்தியா முழுமைக்கும் 8.6. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவ மையம் 2024-இல் திறக்கப்பட்டது. உங்கள் தெருவிலேயே பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, வீட்டில் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். கோவையைச் சுற்றி ஓய்வுபெற்றோர் குடியிருப்புகள் பெருகிவிட்டன. பல மாணவர்கள் அங்கே போய்ப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து 'கொங்கு முதியோர்' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். காசு உள்ளவர்கள் மட்டும் வாழும் இடம் அது. தறிப்பட்டறையிலும் மஞ்சள் காட்டிலும் உழைத்துத் தேய்ந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். உங்கள் மகளுக்கு நல்ல வாய்ப்பு இந்த விடுபட்டவர்களிடம்தான் இருக்கிறது.

அதற்காக இப்போதே பிஎச்.டி. என்று ஓட வேண்டாம். எம்.எஸ்சி. நர்சிங் படிக்கலாம், என்னைக் கேட்டால் பொதுச் சுகாதார முதுகலையான எம்.பி.எச். இதற்கு இன்னும் பொருத்தம். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் இரண்டிலும் அந்தப் படிப்பு உண்டு. சேரும் தகுதியை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் நெருக்கினால், ஒன்றிரண்டு ஆண்டு ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராக வேலை பார்க்கட்டும். நர்சிங் படித்தவர்களை அங்கே எடுப்பதுண்டு. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினால் ஆசையின் ஆழம் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, செலவில்லாதது. 2017-18-இல் நாடு முழுவதும் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களுடைய துணைவர்கள் என 72,000-க்கும் அதிகமானவர்களை வைத்து 'லாசி' என்ற முதுமை ஆய்வின் முதல் சுற்று நடந்தது. கைப்பிடி வலிமை, நடை வேகம் வரை அளந்திருக்கிறார்கள். மும்பையில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்திடம் விண்ணப்பித்து அந்தத் தரவை வாங்கலாம். வாங்கியதும் புள்ளியியல் புத்தகத்தோடு அவள் தானாக உட்காருகிறாளா என்று கவனியுங்கள். உட்கார்ந்தால் தடுக்காதீர்கள்.

பண விஷயம். முதுகலைக்குப் பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் 'சமூக மருத்துவமும் சமுதாய நலமும்' என்ற பாடத்தை எழுதலாம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஜெர்மனிச் சம்பளத்தோடு இதை ஒப்பிட முடியாதுதான். அதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. ஆனால் உதவித்தொகை இல்லாமல் கைக்காசைப் போட்டு முழுநேர பிஎச்.டி.யில் சேருவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

கல்லூரியின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவரிடம் முடித்துப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று அவருடைய பழைய மாணவர்களிடமே விசாரிக்கட்டும். ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்பவர்களும், பணம் கட்டினால் அடுத்த வாரமே கட்டுரை வெளிவரும் என்பவர்களும் தேடி வருவார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது.

கல்யாணப் பேச்சை எழுதத் தயங்கி, கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். 2022 பல்கலைக்கழக மானியக்குழு விதிப்படி பிஎச்.டி.க்கு குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. ஆகவே, கல்யாணம் ஆனாலும் படிப்பு நிற்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் அன்றே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாமுங்க" என்று பதில் வந்தால், அடுத்த ஜாதகத்தை எடுங்கள்.