தூண்டில் கேள்வி பதில்: விரால் அடிக்கிறது, மாட்டவில்லையே!

கடலில் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். கழிமுகத்தில் விரால் கிடைக்குமா?
– தொண்டி வாசகர்

அங்கே தேடாதீர்கள். விரால் நல்ல தண்ணீர் மீன். கரையோர ஊர்களில் இருப்பவர்களும் உள்ளே கண்மாய், ஊருணிக்குத்தான் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய கண்மாய் தை, மாசியில் வற்றத் தொடங்கும்போது மீன் ஓரிடத்தில் ஒதுங்கும். அதுதான் நல்ல சமயம். மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகியவை பறவைகள் சரணாலயங்கள். அங்கே தூண்டிலே கூடாது.

முள் பொருத்திய ரப்பர் தவளையைப் போலி இரையாகப் போடுகிறேன். 'பொளக்'கென்று அடிக்கிறது, இழுத்தால் வெறும் தவளைதான் வருகிறது. முள் சரியில்லையா?
– ஆர்.எஸ்.மங்கலம் வாசகர்

பெரும்பாலும் முள் மேல் குற்றமில்லை, கை அவசரம். விரால் தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். சத்தம் கேட்ட நொடியில் வெட்டினால், அதாவது கம்பைச் சுண்டி இழுத்தால், தவளை வாய்க்குள் முழுதாகப் போயிருக்காது. சத்தம் கேட்டதும் கம்பு நுனியைத் தாழ்த்துங்கள். இரண்டு, மூன்று எண்ணுங்கள். நரம்பு (தூண்டில் இழை) நகர்ந்து பாரம் கையில் தெரிந்த பிறகு ஓங்கி வெட்டுங்கள்.

தவளையையும் பாருங்கள். இரு விரலால் அமுக்கினால் உடல் சப்பி இரண்டு முள்நுனியும் வெளியே வர வேண்டும். வராவிட்டால் ரப்பர் கெட்டி. குறடால் முள்நுனியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் மேலே நெம்பி விடுங்கள். அதற்கு மேல் நெம்பினால் ஒவ்வொரு வீச்சிலும் பாசியைத்தான் இழுப்பீர்கள். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை உள்ளே புகுந்த தண்ணீரைப் பிழிய வேண்டும். இல்லாவிட்டால் பின்புறம் அமிழ்ந்து, தவளை போலவே நீந்தாது.

நம் கண்மாய்களில் சீமைக்கருவேலம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும். விரால் பதுங்குவது அதன் நிழலில்தான். மீன் இருக்கும் இடத்தைத் தாண்டி ஐந்தாறு அடி தள்ளி எறிந்து, அல்லி இலை மேல் ஏற்றி, ஓரத்தில் விழவிட்டு இரண்டு நொடி நிறுத்துங்கள். பாதி நேரம் விரால் அடிப்பது அந்த நிறுத்தத்தில்தான். மாட்டிய மீனை விளையாட விட்டால் முள்மரத்துக்குள் நுழைந்துவிடும். ஆகவே முப்பது, நாற்பது பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு, விறைப்பான ஏழடிக் கம்பு, இறுக்கமான ரீல்.

உயிர் இரைதான் எனக்குக் கைவரும். எதைக் கோக்கலாம்?
– பரமக்குடி வாசகர்

இரண்டு, மூன்று அங்குலக் கெண்டைக் குஞ்சு போதும். முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், தோலும் சதையும் மட்டும் பிடிக்கும்படி முள்ளைக் குத்துங்கள். தண்டுவடத்தில் பட்டால் குஞ்சு உடனே சாகும், அசையாத இரைக்கு விரால் அவ்வளவாக வராது. தக்கையிலிருந்து முள் வரை ஒன்றரை அடி விடுங்கள், தரையைத் தொட வேண்டாம். மண்புழுவுக்குக் குரவையும் கெளுத்தியும் முந்திக்கொள்ளும். பெருந்தவளை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. அதைத் தொடவே வேண்டாம்.

மேலே செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிக்கின்றன. அந்த இடத்தில் எறிந்தால் பெரிய விரால் நிச்சயம் என்கிறார்களே?
– முதுகுளத்தூர் வாசகர்

நிச்சயம்தான். கீழே காவலுக்கு நிற்பது தாயோ தகப்பனோ. அது பசியில் அடிப்பதில்லை, குஞ்சுகளைக் காக்க அடிக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் அன்றைக்கே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். தயவுசெய்து அந்த இடத்தை விட்டு விலகிப் போங்கள்.

வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, இறுக மூடிக் கொண்டுவந்தும் விரால் செத்துவிடுகிறதே?
– தேவிபட்டினம் வாசகர்

காற்றுக்கு இடம் விடாததுதான் காரணம். விரால் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் மீன். விளிம்பு வரை தண்ணீர் இருந்து மூடியும் இறுகினால் மூச்சு முட்டிப் போகும். முதுகு நனையும் அளவு தண்ணீர், ஓட்டை போட்ட மூடி, அது துள்ளித் திறக்காமல் மேலே ஒரு கயிற்றுக் கட்டு. வெயில் படாமல் ஈரச்சாக்கு போர்த்திக்கொள்ளுங்கள்.