செய்முறைத் தேர்வில் 96 மதிப்பெண் எடுத்தும் தோற்கலாமா?

கேள்வி: மருத்துவ மாணவர்களின் செய்முறைத் திறனை மதிப்பிட 'மாஸ்டரி லேர்னிங்' முறை வழக்கமான தேர்வைவிட ஏற்றதா?

செய்முறைத் தேர்வுகளில் தேர்வாளராக இருப்பவன் என்ற முறையில், ஏற்றது என்றே சொல்வேன். வழக்கமான பயிற்சியில் காலம் எல்லோருக்கும் ஒன்று, அடையும் திறன்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இம்முறையிலோ எட்ட வேண்டிய தரம் ஒன்று. அதை எட்ட ஒருவருக்கு இரண்டு அமர்வுகளும் இன்னொருவருக்கு ஆறும் தேவைப்படலாம். ஜான் கரோல் 1963இல் முன்வைத்த சிந்தனையை ஒட்டி பெஞ்சமின் புளூம் 1968இல் பள்ளிக் கல்விக்காக வகுத்த இந்த முறை, மருத்துவத்துக்குத்தான் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

கழுத்துச் சிரையில் சென்ட்ரல் லைன், அதாவது இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரை வரை செல்லும் வடிகுழாய், போடும் பயிற்சியைப் பாருங்கள். சரிபார்ப்புப் பட்டியலில் 25 படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கை கழுவுவது முதல் அல்ட்ராசவுண்டில் சிரையை அடையாளம் காண்பது வரை எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்த மாணவர், வடிகுழாயை உள்ளே செலுத்தும்போது அதற்குத் தடமாக முதலில் சிரைக்குள் விட்ட வழிகாட்டிக் கம்பியின் வெளிநுனியைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறார். மதிப்பெண் கணக்கில் அவருக்கு 96 விழுக்காடு. நோயாளியின் உடலிலோ அந்தக் கம்பி முழுவதும் சிரைக்குள் போய்விடக்கூடும். ஆகவே மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், தவறவே கூடாத படிகளைத் தனியே குறித்து, அவற்றில் ஒன்று தவறினாலும் மீண்டும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தேர்ச்சி வரம்பை நிர்ணயிப்பதுதான் உண்மையில் கடினமான வேலை. பரவலாகப் பயன்படும் ஆங்கோஃப் முறையில், எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு மாணவர் ஒவ்வொரு படியையும் சரியாகச் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்று வல்லுநர்கள் மதிப்பிட்டு, அதன் சராசரியை எடுப்பார்கள். மாஸ்டரி முறைக்கு அந்தக் கேள்வி போதாது. அடுத்து உண்மையான நோயாளியிடம் பாதுகாப்பாகச் செல்லத் தயாரானவர் எப்படிச் செய்வார் என்றே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் வரம்பு உயரும், முதல் முறையில் தேறுபவர்கள் குறைவார்கள், பயிற்சி அட்டவணை போடுபவர்கள் முகம் சுளிப்பார்கள்.

பலன் நோயாளிவரை போய்ச் சேருமா என்பதற்கு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. இம்முறையில் பயின்ற பயிற்சி மருத்துவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபின், வடிகுழாய் சார்ந்த இரத்தத் தொற்று 1,000 வடிகுழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் வடிகுழாய் இருந்தால் ஒரு வடிகுழாய் நாள்) 3.20இலிருந்து 0.50ஆகக் குறைந்தது.

ஆனாலும் பொம்மையின் மீது செய்து காட்டுவதும், நள்ளிரவுப் பணியில் பதற்றமான நோயாளியிடம் செய்வதும் ஒன்றல்ல. மருத்துவத் திறனை மதிப்பிடும் படிநிலைகளைக் காட்ட ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடில் இவை இரண்டும் தனித்தனி அடுக்குகள். பயன்படுத்தாத திறன் மங்கவும் செய்யும். ஆகவே பயிற்சிக் கூடத்தில் தேறியவரை வார்டில் மூத்தவர் ஒருவர் நேரில் நின்று கவனிப்பதையும், இடைவெளி விட்டு மறுமதிப்பீடு செய்வதையும் இதே திட்டத்துக்குள் சேர்த்தே வகுக்க வேண்டும்.