கோல்கீப்பரின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் கால்பந்து அணியில் ஒன்பது ஆண்டுகளாகக் கோல்கீப்பராக இருக்கிறேன். என்னோடு ஆடத் தொடங்கிய முன்கள ஆட்டக்காரர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். “நின்ற இடத்திலேயே நிற்கிறாய், அதனால்தான் உனக்கு வயதாவதில்லை” என்று கேலி செய்கிறார்கள். தொழில்முறைக் கோல்கீப்பர்கள் நாற்பது வயதுவரை ஆடுவதற்கும் இதுதான் காரணமா?

கா., தஞ்சாவூர்

அன்புள்ள கா.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. கோல்கீப்பர் ஓடும் தூரம் நடுக்கள ஆட்டக்காரர் ஓடுவதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் பயிற்சியில் நாள்தோறும் தரையில் விழுந்து எழும் தோளையும் இடுப்பையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. (பள்ளி நாட்களில் ஒரே ஒரு பருவம் கம்பங்களுக்கு நடுவே நின்றவன் நான், என் இடது முழங்கை இன்றும் அதற்குச் சாட்சி சொல்லும்.)

ஓட்டம் குறைவு என்பதைவிட முக்கியமான காரணம், அந்த வேலையில் முதலில் தேய்வது எது, கடைசிவரை வளர்வது எது என்பதில் இருக்கிறது. பாய்ச்சலின் வேகம் முப்பதைத் தாண்டியதும் குறையத்தான் செய்கிறது. ஆனால் பந்தை உதைப்பவனின் இடுப்பு திரும்பும் விதத்தைப் பார்த்தே அரையடி முன்னால் நகர்ந்து, பந்து நுழையக்கூடிய கோணத்தைக் குறைத்துவிடத் தெரிந்தவருக்குப் பாயவேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. அந்த அறிவு ஆண்டுக்கணக்கில் கோல்களை வாங்கித்தான் சேர்கிறது.

இத்தாலியக் கோல்கீப்பர் டினோ ஜோஃப் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பதினான்கு வயதில் உயரம் போதாது என்று இன்டர் மிலான், யுவென்டஸ் என்ற இரண்டு பெரிய இத்தாலிய அணிகளும் அவரைத் திருப்பி அனுப்பின. 1961இல் உதினேசே அணிக்காக முதல்தர லீகில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல்கள் வாங்கினார். 1970 உலகக் கோப்பையின்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. இத்தாலியின் முதல் கோல்கீப்பராக அல்பெர்தோசி ஆட, இவர் மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்கார்ந்திருந்தார். தன்னைத் திருப்பி அனுப்பிய யுவென்டஸுக்கு அவர் போய்ச் சேர்ந்தது முப்பதாவது வயதில். முன்கள ஆட்டக்காரர் பலர் இறங்குமுகம் காணத் தொடங்கும் வயது அது.

1978 உலகக் கோப்பையில் நெதர்லாந்தும் பிரேசிலும் ஆளுக்கு இரண்டு கோல்களை நெடுந்தொலைவிலிருந்து அவரைத் தாண்டி அடித்தபோது, முப்பத்தாறு வயதுக் கிழவருக்குக் கண் மங்கிவிட்டது என்று இத்தாலியில் பேசினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1982 ஜூலை 5 அன்று பார்சிலோனாவில், அதே பிரேசிலுக்கு எதிராக இத்தாலி 3–2 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் சமனாக முடிந்தாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். கடைசி நிமிடங்களில் பிரேசிலின் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்து, தரையை ஒட்டிக் கம்பத்தின் ஓரமாக வருகிறது. ஜோஃப் இடப்பக்கம் விழுந்து, அதைத் தட்டிவிடாமல், கோல் கோட்டின் மேலேயே இரு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார். தட்டியிருந்தால் காத்திருந்த பிரேசில்காரர் எவராவது உள்ளே தள்ளியிருக்கலாம். கோல் என்று நினைத்துப் பிரேசில்காரர்கள் கையை உயர்த்தியபோதும் அவர் பிடியைத் தளர்த்தவில்லை. ஆறு நாள் கழித்து மாட்ரிட்டில், நாற்பது வயது அணித்தலைவராக உலகக் கோப்பையை வாங்கினார்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் என்னை அதிகம் உறுத்துவது அதுதான். அணியில் முன்கள இடங்கள் இரண்டு மூன்று இருக்கும். கோல்கீப்பருக்கு இருப்பது ஒன்றே ஒன்று. யுவென்டஸில் ஜோஃப் இருந்த பதினொரு பருவங்களில் ஒரு லீக் ஆட்டத்தையும் அவர் தவறவிடவில்லை: பருவத்துக்கு முப்பது வீதம் 330. பார்ப்பதற்கு அழகான எண். அவருக்குப் பின்னால் இருந்த மாற்று கோல்கீப்பருக்கோ அது பூட்டிய கதவு.

ஜியான்கார்லோ அலெஸாந்த்ரெல்லி என்பவருக்கு அந்தக் கதவு ஒருமுறை திறந்தது. 1979 மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டம். அவெல்லினோவுக்கு எதிராக யுவென்டஸ் 3–0 என்று முன்னிலையில் இருந்தபோது, பயிற்சியாளர் த்ராபத்தோனி ஜோஃபை வெளியே அழைத்து இவரை இறக்கினார். நெடுநாள் காத்திருந்தவருக்குச் செய்த மரியாதை என்றே அதைக் கொள்ளவேண்டும். ஆட்டம் 3–3 என்று முடிந்தது. யுவென்டஸுக்காக லீகில் அவர் ஆடியது அவ்வளவுதான். பயிற்சிக் களத்தில் எவ்வளவு உழைத்தாலும், ஆட்டத்தின் ஓட்டத்தில் மட்டுமே கிடைக்கும் அந்த அரையடிக் கணக்கு அவருக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லாமல் போயிற்று என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே, கோல்கீப்பர்கள் நாற்பதுவரை ஆடுகிறார்கள் என்பதைவிட, இடம் கிடைத்த சிலர் நாற்பதுவரை அதை விடுவதில்லை என்று சொல்வதே பொருந்தும். நீங்கள் ஒன்பது ஆண்டுகள் ஆடியபோது உங்களுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார் என்று கடிதத்தில் எழுதவில்லை.

ஜோஃப் 1983இல் ஓய்வு பெற்றார். அலெஸாந்த்ரெல்லிக்குப் பிறகு வந்த லூச்சியானோ போதினி அதற்குள் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். ஆனால் யுவென்டஸ் வெளியிலிருந்து ஸ்தெஃபானோ தக்கோனி என்ற கோல்கீப்பரை வாங்கி வந்தது, அதுவும் அவெல்லினோவிடமிருந்து.

அன்புடன்,
ஆசிரியர்